கங்குனும் பிளேன்டீயும்

சென்ற வருடம் ஒரு நாள் காலைக் கூட்டத்தில் நான் மயங்கி விழுந்தேன். வெயில் என்றார்கள், வெறும் வயிறு என்றார்கள். இரத்தத்தைச் சோதித்த டாக்டர், இரும்புச்சத்து குறைவு என்று குளிசை எழுதித் தந்துவிட்டு, "வீட்டில் கீரை சமைப்பதில்லையா?" என்று உம்மாவிடம் கேட்டார். உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் கீரை சமைக்காத நாள் குறைவு. நான் அதைக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளாத நாளும் குறைவு.

நாங்கள் இறக்குவானைப் பக்கம். தோட்டத்துச் சந்தியில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. மேலே தேயிலை மலை, கீழே ஓடை, ஓடைக்கரையில் கங்குன். சும்மா கிடைப்பதாலோ என்னவோ எங்களுக்கு அதில் மதிப்பே இல்லை. ஆனால் இரத்தினபுரிக்குப் போய் ப்ரைட் ரைஸ் சாப்பிடும்போது, வெள்ளைப்பூடும் சோயா சோஸும் போட்டு வதக்கிய கங்குனுக்கு நானாவும் நானும் சண்டை பிடிப்போம். அதே இலைதான். பெயரே மலாய் மொழியில் 'கங்குங்' என்பதிலிருந்து வந்தது. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் இது அன்றாட வீட்டுக் கறி. கடையில் காசு கொடுத்து ருசிப்பதை வீட்டில் ஏன் ஒதுக்குகிறோம்?

சமைக்கும் விதமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. (உம்மம்மா கோபிக்கக்கூடாது.) நாம் கீரையை நறுக்கிய பிறகு கழுவி, தண்ணீர் ஊற்றி, மூடி, கறுக்கும் வரை அவிக்கிறோம். நூறு கிராம் பச்சைக் கங்குனில் 50 மில்லிகிராமுக்கும் அதிகமான விற்றமின் சீ இருக்கிறது. அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். நான் இப்போது செய்வது இப்படி: முழுதாக நன்கு கழுவி, தண்டையும் இலையையும் வேறாக்கி நறுக்கி வைப்பேன். தாச்சி நன்றாகக் காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், தட்டிய வெள்ளைப்பூடு, இரண்டு செத்தல் மிளகாய். முதலில் தண்டு, ஒரு நிமிடம் கழித்து இலை. மூடி போடுவதில்லை. இலை வாடியதும் இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுவேன். எல்லாம் மூன்று நிமிடம். 2022இல் கேஸ் இல்லாமல் விறகோடு போராடியபோது இது தெரிந்திருந்தால் எவ்வளவு விறகு மிஞ்சியிருக்கும்!

சோயா சோஸ் அரைத் தேக்கரண்டி போதும். ஒரு மேசைக்கரண்டி சோஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஒரு நாளைக்கே ஐந்து கிராமுக்குக் குறைவாக எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். போத்தலில் ஹலால் இலச்சினை தேடும் நாம் உப்பின் அளவையும் ஒரு தடவை வாசிக்கலாம். கங்குனை எங்கே பறிக்கிறோம் என்பதும் முக்கியம். கழிவுநீர் சேரும் காணில் முளைத்தது வேண்டாம். நல்ல தண்டு நாலை வீட்டுக்குப் பின்னால் ஈரமண்ணில் நட்டால் வேர் பிடித்துவிடும்.

கங்குன் மட்டும் இரத்தத்தை ஏற்றிவிடாது. நூறு கிராமில் இரும்புச்சத்து இரண்டு மில்லிகிராம்கூட இல்லை. என் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 மில்லிகிராம் தேவை. பருப்பு, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்துதான் அது நிரம்ப வேண்டும். மாதாமாதம் இரத்தம் இழப்பவர்கள் நாங்கள். எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். ஆனால் பல வீடுகளில் பெண்கள் கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறார்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர விற்றமின் சீ உதவுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை அதைத் தடுக்கிறது. தேயிலையால் வாழும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

கடைக்கு வரும் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "தேத்தண்ணி இல்லாம ரொட்டி தொண்டையில எறங்குமா தங்கச்சி?" என்று கேட்டார். மலையில், மழையில், ஆறிய ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிறவருக்கு அந்தச் சூடு வேண்டும். எனக்குப் பதில் இல்லை. பகல் சாப்பாட்டைப் பற்றிப் புத்தி சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் இருட்டும் நேரத்தில் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டும் அவருக்கு மூன்று நிமிடக் கறி உதவும் என்று நினைத்து, தாச்சிக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். மாசித்தூள் போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடலாம்.

வாப்பா இன்னும் சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ கேட்கிறார். அவருக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். உம்மாவுக்கும் எனக்கும் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் மறுபடி கேத்தலை வைக்கிறேன்.