நாற்காலி இல்லாத ஆபீஸ்

சிவகாசி, சாத்தூர் பக்கம் அறுபது வயசு அம்மா யாரிடமாவது "என்னம்மா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆபீஸ் போனேன்" என்பார். ஃபைல், ஃபேன், நாலு மணி வடை என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். அந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயரே தீப்பெட்டி ஆபீஸ்தான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்களே, அந்த வழியில் வந்த ஆபீஸ். உங்கள் ஆபீசுக்கும் அதற்கும் முக்கியமான வித்தியாசம், அங்கே நாற்காலி கிடையாது.

தரைதான். கட்டையில் குச்சி அடுக்குவதும் தரையில், பெட்டி ஒட்டுவதும் தரையில். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அரிவாள்மனையும் தரையில். இப்படி முப்பது வருஷம் முழங்காலை மடக்கி வைத்திருந்தால் அது ஒரு நாள் கேள்வி கேட்கத்தானே செய்யும்? குத்தவைத்தும் மண்டி போட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம் என்பது உலகம் முழுக்கப் பார்த்து உறுதி செய்த சங்கதி. வயசு, எடை, பெண்ணாகப் பிறந்தது என்று கூட்டாளிகளும் உண்டு. பழி முழுவதையும் ஆபீஸ் தலையில் போட முடியாது.

அப்புறம் மகன் வருவான். சென்னையில் நிஜ ஆபீஸ். தீபாவளிக்குப் பொதிகை எக்ஸ்பிரசில் இறங்கும்போது பையில் ஒரு ஜோடி நீ-கேப், ரெண்டு பாட்டில் தைலம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, என்னவோ புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, உத்தரவு போடுவான்: "தேஞ்சு போச்சும்மா. இனிமே நீ அசையவே கூடாது. கட்டில்லயே இரு."

பாசம்தான். ஆனால் வைத்தியம் தலைகீழ்.

எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் 'தேய்மானம்' என்கிற அந்த வார்த்தை. ஸ்கூட்டர் டயர் ஞாபகம் வருகிறது. ஓட்டினால் தேயும், நிறுத்தி வைத்தால் மிச்சம். முழங்கால் டயர் இல்லை சார். எலும்பு முனைகளில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் சத்தை உறிஞ்சவேண்டும். ஸ்பாஞ்சை அமுக்கி விடுவதுபோல மூட்டு மடங்கி நீளும்போதுதான் அந்தப் போக்குவரத்து நடக்கும். அசையாமல் உட்கார வைத்தால் அதற்கும் பட்டினி, தொடைத் தசைக்கும் சோம்பல். தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலுக்குத் தூண். அது இளைத்தால் பாரம் மூட்டில் இறங்கும், வலி கூடும், வலிக்கிறதே என்று இன்னும் உட்காருவார், தசை இன்னும் இளைக்கும்.

ஆகவே தொடையைப் பலப்படுத்தவேண்டும். ஜிம் வேண்டாம். ஒரு துண்டு, ஒரு கட்டில், ஒரு நாற்காலி போதும்.

துண்டைச் சுருட்டி, காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் வைத்து, துண்டை நசுக்குவதுபோலக் கீழே அழுத்தவேண்டும். அஞ்சு எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். பத்துத் தடவை, பிறகு அடுத்த கால். இது பழகியதும் மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, இன்னொரு காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி இறக்குவது. அதன்பின் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, அஞ்சு எண்ணுவது. கடைசியில் சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முதலில் கைப்பிடியைப் பிடித்து, பிறகு பிடிக்காமல். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், ஜாக்கிரதை.

செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால், அளவைக் குறைக்கவேண்டும். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கீழே விழுந்து காலை ஊன்ற முடியாவிட்டாலோ பயிற்சி கிடக்கட்டும், டாக்டரிடம் போகவேண்டும்.

உண்மையையும் சொல்லிவிடவேண்டும். முழங்கால் புதுசாகாது. எக்ஸ்ரே அப்படியேதான் இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் செய்தால் வலி ஓரளவு குறையும், பஸ் படி ஏறுவது சுலபமாகும். நிறுத்தினால் பலனும் மெல்லக் கழன்றுகொள்ளும். நீ-கேப்பும் தைலமும் தப்பில்லை, தசையை மட்டும் அவை வளர்க்காது.

எடை இன்னொரு விஷயம். ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்து சொன்னார்கள். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ப் பகை வேண்டாம்.

வழிகாட்ட ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தபோது, வீடு தேடி வரும் பட்டியலில் பி.பி., சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் இருந்தது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும், தப்பாகச் செய்து தொலைக்கும் பயம் இல்லை.

கஷ்டமெல்லாம் அதற்கப்புறம்தான். அம்மா செய்யமாட்டார். "நாள் பூரா வீட்டு வேலை பாக்கேன், அது பத்தாதாய்யா?" என்பார். பத்தாது. வீட்டு வேலை களைப்பு தரும், தொடைத் தசையை இப்படிக் குறிவைத்து இறுக்காது. தவிர, தனக்காக ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு கட்டிலில் கால் நீட்டுவது என்பது அந்த ஆபீசில் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காத வேலை. கூச்சமாக இருக்கும்.

இதற்கு மருந்துக் கடையில் எதுவும் கிடைக்காது. தினம் ராத்திரி போன் பண்ணுகிறீர்கள் அல்லவா, "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா?" என்று? கூடவே வீடியோவைப் போட்டு, "துண்டை எடும்மா" என்று சொல்லிப் பாருங்கள். நீங்களும் காலை நீட்டிக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் லிகமென்ட் கிழித்துக்கொண்டவராக இருந்தால், உங்கள் முழங்காலுக்கும் பின்னால் இது தேவைப்படலாம். எண்ணுகிற வேலையை அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... ஏய்யா, பால் பொங்குது, நீ எண்ணிக்கிட்டே இரு, இந்தா வந்துட்டேன்!"