எண் 78651

யூதக் குடும்பத்தில் பிறந்ததே குற்றமாம்! 1944-இல் பிரான்சின் நீஸ் நகரில் பதினாறு வயதுச் சிமோன் பிடிபட்டார். ஆஷ்விட்சில் பெயரைப் பறித்துக் கையிலே 78651 என்று பச்சை குத்தினர் பாதகர்கள். தந்தையும் தமையனும் திரும்பவேயில்லை; தாய் முகாமிலே மடிந்தார்.

மீண்டவர் முக்காடிட்டு முடங்கினாரா? இல்லை! சட்டம் பயின்றார், சிமோன் வெய்ல் என்னும் பெயரோடு நல்வாழ்வு அமைச்சரானார். கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை 1974-இல் அவைமுன் வைத்தார். ஆண்கள் நிறைந்த அவையில் ஓர் உறுப்பினர், கருவை உலையிலிடுவது பற்றிப் பேசினார். யாரிடம்? உலைக்களத்திலிருந்து உயிர்தப்பியவரிடம்! அமைச்சர் அசையவில்லை, 1975-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

தோழர்களே! பிறப்பைக் காட்டி உயிரைப் பறிப்பவனும், பெண்மையைக் காட்டி உரிமையைப் பறிப்பவனும் அடுத்தவர் உடலைத் தன் உடைமையென எண்ணுபவர்களே. இரண்டு ஆணவத்தையும் எதிர்த்து நின்றது அந்த ஒரே வாழ்வு. ஒன்றை மட்டும் எதிர்ப்பது பகுத்தறிவாகுமா?