இணையச் சந்தையில் விற்பவர் யார்?

விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு மணிலாக்கொட்டை மூட்டை கொண்டுபோகும் விவசாயி, தம் சரக்கை எடுப்பவர் லைசென்சு பெற்ற வியாபாரி என்பதை அறிவார். இம்முறைக்கு 1933-ம் வருஷத்துச் சென்னை வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டத்தாலேயே அடிகோலப்பட்டது. ஆளறிந்து செய்யும் வியாபாரத்தில் மோசம் குறைவு.

இக்காலத்தில் காய்கறி விதை, கைத்தெளிப்பான், பூச்சிமருந்து முதலியவற்றைக் கைபேசி வழியே இணையச் சந்தைகளில் வாங்கும் வழக்கம் கிராமங்களிலும் பரவி வருகிறது. சந்தையின் பெயர் பிரசித்தமாயிருப்பதால் அதுவே விற்கிறதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அநேக சரக்குகளை விற்பவர், அங்கு இடம் பெற்ற வேறொரு வியாபாரியே. வாங்குபவரின் பெயர், விலாசம், கைபேசி எண் ஆகியவையோ, பார்சல் அனுப்பும் பொருட்டுப் பலர் கைக்குச் செல்லக்கூடும். விற்பவர் மறைவிலும் வாங்குபவர் வெளிச்சத்திலும் நிற்பது தலைகீழான முறையன்றோ?

சட்டம் இதை ஒப்பவில்லை. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் தொழிற்பெயரையும் விலாசத்தையும் சந்தை காட்டவேண்டும்; முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் அறிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்கவேண்டும். பூச்சிமருந்தை இவ்வழியே விற்க 2022 நவம்பரில் அனுமதி பிறந்தது. எனினும் விற்பவருக்கு லைசென்சு உண்டா எனச் சரிபார்ப்பது சந்தையின் கடமை. விதை வியாபாரிக்கு 1983-ம் வருஷத்து உத்தரவுப்படி லைசென்சும் வேண்டும். அவர் ரசீதும் தரவேண்டும். ஜனங்களின் சொந்த விவரங்களைக் காக்க 2023-ல் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. ஆயினும் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது.

ஆகவே சட்டத்தை மட்டும் நம்பியிராமல், விவசாயிகள் தாமும் எச்சரிக்கையாயிருத்தல் அவசியம். விலையைப் பார்க்குமுன் விற்பவரின் பெயரையும் விலாசத்தையும் பார்க்கவேண்டும். அவை இல்லாத சரக்கை ஒதுக்குவதே உத்தமம். சந்தைக்கு வெளியே தனியே பணம் அனுப்பும்படி கேட்பவருக்கு இணங்கலாகாது. சந்தையிலிருந்து பேசுவதாகக் கூறி ஓ.டி.பி. எண் கேட்பவருக்கு அதைச் சொல்லலாகாது. பார்சல் மேலுறையிலுள்ள விலாசச் சீட்டைக் கிழித்தெறிந்து, ரசீதையும் விதைப்பையின் சீட்டையும் அறுவடை வரை பத்திரப்படுத்தவேண்டும். சரக்கைப் பற்றிய குறைகளை 1915 என்ற எண்ணிலும், பணமோசடியை உடனே 1930 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். கிராம அதிகாரிகள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பது பேருதவியாகும்.

தெளிப்பான் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். முளைக்காத விதைக்குப் பணம் திரும்பினாலும், தப்பிய பட்டம் திரும்புவதில்லை. விற்றவர் இன்னாரென்றே தெரியாவிடில், அந்த நஷ்டத்தை யாரிடம் கேட்பது?