1.12-ஐ விடப் பெரிய 1.74

பேஸ்பால் ரசிகர்களிடையே 1.12 என்னும் எண்ணுக்கு ஏறக்குறைய ஒரு தெய்வீகத் தகுதி உண்டு. செயின்ட் லூயி கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன் 1968-ஆம் ஆண்டில் பதித்த சராசரி அது. ஒன்பது இன்னிங்ஸுக்குப் பந்தெறிபவர் எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுக்கிறார் என்பதே கணக்கு. தடுப்பாளர்களின் பிழையால் விளைந்த ஓட்டங்கள் இதில் சேரா. எண் குறையக் குறையச் சிறப்பு.

ஆயினும் 2000-ஆம் ஆண்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காகப் பெட்ரோ மார்ட்டினெஸ் பெற்ற 1.74 இதைவிடப் பெரியது என்பது என் துணிபு. நண்பர்கள் நகைக்கலாம். ஒரு நூலை அதன் காலத்திலிருந்து பிரித்து மதிப்பிடலாகாது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவருபவன் நான். எண்களுக்கு மட்டும் அந்த நியாயத்தை எவ்வாறு மறுப்பது?

1968 பந்தெறிபவர்களின் ஆண்டு. அவர்கள் நின்று எறியும் மேடு அப்போது 15 அங்குல உயரம். அமெரிக்கன் லீகில் மட்டையடியில் முதலிடம் பெற்ற கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரியே .301 தான். அந்த ஆண்டில் இரு லீகுகளிலும் சேர்த்து 2.00-க்குக் கீழே இறங்கிய பந்தெறிபவர்கள் எழுவர். நிலைமை எல்லை மீறியதால் மறு ஆண்டே மேட்டை 10 அங்குலமாகத் தாழ்த்தினார்கள்.

2000-இல் எல்லாம் தலைகீழ். மட்டையாளர்களின் உடல்கள் பருத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பின்னிருந்த ஊக்கமருந்துக் கதையை 2007-இல் மிட்செல் அறிக்கை விரித்துரைத்தது. போதாக்குறைக்கு, அமெரிக்கன் லீகில் பந்தெறிபவருக்குப் பதிலாக மட்டையடிக்கவே ஒருவர் வருவார். கிப்சனோ ஒன்பதாம் இடத்தில் பெரும்பாலும் தம்மைப் போன்ற ஒரு பந்தெறிபவரையே எதிர்கொண்டார். இத்தகைய லீகின் மொத்தச் சராசரி ஏறத்தாழ 4.9 ஆக இருக்கையில், பெட்ரோ 1.74-இல் நின்றார். அங்கே அவருக்கு அடுத்து வந்த ரோஜர் கிளெமன்ஸ் 3.70. இடையில் ஒருவருமில்லை!

217 இன்னிங்ஸில் 284 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். தவறான பந்துகளால் இலவசமாகத் தளமேறவிட்டது 32 பேரை மட்டுமே. வெற்றி 18, தோல்வி 6. அந்தத் தோல்விகளை நான் தனியே எடுத்துப் பார்ப்பதுண்டு: அவற்றில் அவர் சராசரி 2.44. தோற்ற நாளிலும் லீகின் சராசரியில் பாதியைத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறார். அவருடைய அணி ஓட்டம் சேர்க்காததற்கு அவர் என்ன செய்வார்?

விகிதமாகப் பார்த்தால் வேறுபாடு சிறிது என்று மறுப்பவர்கள் உண்டு. நேஷனல் லீகின் 2.99-க்கு எதிரே கிப்சனின் 1.12 நூற்றுக்கு 37 பங்கு, பெட்ரோவினுடையது 35. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1968-இல் கிப்சனுக்கு அருகிலேனும் நிற்கச் சிலர் இருந்தனர். லூயிஸ் டியான்ட் 1.60 வரை வந்துவிட்டார். 2000-இல் பெட்ரோவுக்கு அப்படி எவருமில்லை.

என் வாதம் இடறும் இடமும் ஒன்றுண்டு. கிப்சன் எறிந்தது 304 இன்னிங்ஸுக்கும் மேல். தொடங்கிய 34 ஆட்டங்களில் 28-ஐத் தாமே முடித்தார். பெட்ரோ முடித்தவை 29-இல் 7. உழைப்பை எடைபோட்டால் தராசு கிப்சன் பக்கம் தாழ்வதை என்னால் தடுக்க இயலவில்லை.