முடிவு வேறு, முடிவு வேறு

ஓர் ஆட்டத்தில் ஒரே மாதிரியான சூழ்நிலை உங்களுக்கு 46 முறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக அதில் 37 முறை தோற்பீர்கள், 9 முறைதான் வெல்வீர்கள். இது முன்கூட்டியே தெரியும். அப்படியும் ஒவ்வொரு முறையும் துணிந்து ஆடுவது சரியான முடிவாக இருக்க முடியுமா? என் படிவம் 4 மாணவர்களிடம் கேட்டேன். "அது முட்டாள்தனம் சார்" என்று வகுப்பே சொன்னது. ஒரே ஒரு மாணவி மட்டும், "ஜெயிச்சா எவ்வளவு, தோத்தா எவ்வளவு சார்?" என்று திருப்பிக் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் இந்தச் சூழ்நிலை அடிக்கடி வரும். அதில் பரவலாக ஆடப்படும் வகை டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசை நடுவே ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். இவற்றைச் சேர்த்து யார் சிறந்த ஐந்து சீட்டுகளை அமைக்கிறாரோ அவருக்கே நடுவில் குவிந்திருக்கும் சில்லுகள். இடையிடையே பந்தயம் கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

உங்கள் கையில் இரண்டு ஹார்ட்ஸ் சீட்டுகள் இருக்கின்றன. நடுவே நான்கு சீட்டுகள் திறந்துவிட்டன, அவற்றிலும் இரண்டு ஹார்ட்ஸ். இன்னும் ஒரு ஹார்ட்ஸ் வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிடும், நீங்கள் வெல்வீர்கள் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். கட்டில் 52 சீட்டுகள். நீங்கள் பார்த்தவை ஆறு. பார்க்காதவை 46. அவற்றில் மீதமுள்ள ஹார்ட்ஸ் 9. ஆக, வெற்றி வாய்ப்பு 46இல் 9, ஏறக்குறைய 20 விழுக்காடு. படிவம் 2இல் கெபராங்காலியான் என்று நீங்கள் படித்த நிகழ்தகவுதான் இது.

நடுவில் 100 சில்லுகள் இருக்கின்றன. எதிராளி 50 சில்லுகளை வைக்கிறார். நீங்களும் 50 வைத்தால்தான் தொடரலாம். 46 முறை ஆடினால் சராசரியாக 9 முறை 150 சில்லுகள் வீதம் 1,350 கிடைக்கும். 37 முறை 50 வீதம் 1,850 போகும். நிகர நட்டம் 500. விலகுவதே சரி. ஆனால் எதிராளி வெறும் 10 சில்லுகளை வைத்தால்? 9 முறை 110 வீதம் 990 வரும், 37 முறை 10 வீதம் 370 போகும். நிகர லாபம் 620. இப்போது தொடர்வதே சரி. சீட்டும் அதே, வெற்றி வாய்ப்பும் அதே. மாறியது விலை மட்டும்தான்.

இந்தக் கணக்கைப் பெருக்கல் தெரிந்த எவரும் போடலாம். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. சரியாகத்தான் ஆடுகிறீர்கள், ஆனால் கண் முன்னே நடப்பது என்ன? தோல்வி, தோல்வி, தோல்வி, நடுவில் ஒரு வெற்றி, மறுபடியும் தோல்வி. இப்படி ஆறேழு முறை அடி வாங்கிய புதிய ஆட்டக்காரருக்குக் கணக்கின் மேல் நம்பிக்கை போய்விடும். இரண்டு ஏஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கிங் வைத்திருப்பவரோடு மோதினால் ஏறக்குறைய 82 விழுக்காடு வெற்றி ஏஸ்களுக்கு. மீதி 18 விழுக்காடு என்பது ஐந்தில் ஒன்றை நெருங்குகிறது. ஆனாலும் அது நடக்கும்போது, உலகமே சதி செய்தது போலத்தான் இருக்கும். அந்தக் கோபத்தில் அடுத்த ஐந்தாறு ஆட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடித் தொலைப்பதற்கு ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோற்ற பிறகும் தருமன் ஏன் மீண்டும் மீண்டும் உருட்டினான் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சொல் உதவும்.

சூதாட்டத்துக்கு நான் ஆள் சேர்க்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில் காசு கட்டி ஆடுவது சட்டத்துக்குப் புறம்பானது. அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. போக்கர் மேசையில் ஒருவர் வெல்வது இன்னொருவர் இழந்ததுதான், புதிதாக எதுவும் அங்கே உற்பத்தியாவதில்லை. அதிலும் மேசை நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். ஆகவே மேசையில் உள்ள எல்லாரையும் கூட்டிப் பார்த்தால் விடை எப்போதும் நட்டம்தான். நான் எடுத்துக்கொள்ள விரும்புவது அந்த மேசையில் உட்காரும் மனித மூளையைப் பற்றிய பாடத்தை மட்டும்.

அந்தப் பாடத்தைத் தேடியே போக்கர் கற்றவர் மரியா கொன்னிகோவா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற எழுத்தாளர். நம் வாழ்க்கையில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்பதுதான் அவருடைய கேள்வி. ஆட்டக் கோட்பாட்டின் தந்தையரில் ஒருவரான கணித மேதை ஜான் வான் நியூமன் போக்கரில் ஆர்வம் காட்டியதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். தொடங்கியபோது ஒரு கட்டில் எத்தனை சீட்டுகள் என்பதுகூட அவருக்குத் தெரியாதாம். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான எரிக் சைடெலிடம் போய், கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்.

எல்லாப் புதியவர்களையும் போல அவருக்கும் புலம்பல்கள் இருந்தன. நல்ல சீட்டு இருந்தது, சரியாக ஆடினேன், கடைசிச் சீட்டில் எல்லாம் போயிற்று என்ற வகைப் புலம்பல். சைடெல் அதைக் காது கொடுத்துக் கேட்க மறுத்தார். கடைசியில் என்ன ஆயிற்று என்பது அவருக்கு வேண்டாம். அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன யோசித்தாய், ஏன் அவ்வளவு வைத்தாய் என்பதுதான் வேண்டும். அதிர்ஷ்டத்தைப் பற்றிய புலம்பலில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. கொன்னிகோவா 2018இல் பஹாமாஸில் ஒரு பெரிய போட்டியை வென்றார். பிறகு 2020இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அவர் வென்றதைவிட, ஆசிரியர் கேட்க மறுத்த அந்தக் கதைகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. 'முடிவு எடுத்தான்' என்கிறோம், 'தேர்வு முடிவு வந்தது' என்கிறோம். யோசித்துத் தீர்மானிப்பதும் முடிவு, கடைசியில் வந்து சேருவதும் முடிவு. இரண்டுக்கும் ஒரே சொல். சொல்லில் இருக்கும் இந்தக் குழப்பம் நம் வீட்டுப் பேச்சிலும் இருக்கிறது. அண்ணன் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்தான், வேலை கிடைத்தது, ஆகவே அது நல்ல முடிவு. அக்கா ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்தாள், அந்த ஆண்டு பார்த்து அந்தத் துறையில் ஆள் எடுப்பது நின்றுபோனது, ஆகவே அவள் யோசிக்காமல் சேர்ந்தாள். இப்படித்தானே பேசிக்கொள்கிறோம்? அக்கா நான்கு பேரிடம் விசாரித்திருக்கலாம், அண்ணன் நண்பன் சேர்ந்தான் என்று சேர்ந்திருக்கலாம். அதை யாரும் கேட்பதில்லை.

உலகம் முழுவதும் இப்படித்தான். 1988இல் ஜோனத்தன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மருத்துவர் ஒருவர் அறுவை சிகிச்சை செய்யத் தீர்மானிக்கிறார். அவருக்கு அந்த நேரத்தில் என்னென்ன தெரியும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெளிவாகத் தரப்படுகிறது. நோயாளி பிழைத்தார் என்று கதை முடிந்தால் மருத்துவரின் தீர்மானத்துக்கு நல்ல மதிப்பெண், இறந்தார் என்று முடிந்தால் குறைந்த மதிப்பெண். விளைவு, தீர்மானத்துக்குப் பிறகு வந்தது. அதை மருத்துவர் முன்பே அறிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் அது தீர்மானத்தின் மேல் கறையாகப் படிகிறது. 'விளைவுச் சாய்வு' என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

"அப்படியானால் விளைவையே பார்க்க வேண்டாமா? எல்லாத் தோல்விக்கும் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட்டுவிடலாமா?" என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. கத்துக்குட்டி ஆட்டக்காரர்கள் செய்வதே அதுதான். வென்றால் என் திறமை, தோற்றால் கெட்ட நேரம். எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வில் படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்தது என்று சொல்பவரும் இந்த வகைதான். படிக்காமல் விட்டது அவர் எடுத்த முடிவு, அதிர்ஷ்டம் அல்ல. இதைவிட ஆபத்தானது நேர்மாறானது. படிக்காமலே போய், குறித்ததெல்லாம் சரியாக அமைந்துவிட்ட மாணவர். தோல்வியாவது நம்மை யோசிக்க வைக்கும். அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றியோ கெட்ட முறையை நல்ல முறை என்று நம்ப வைத்துவிடும்.

விளைவு நமக்கு நிச்சயம் ஏதோ சொல்கிறது. ஆனால் ஒரு விளைவு மிகக் குறைவாகச் சொல்கிறது, நிறைய விளைவுகள் சேர்ந்தால்தான் தெளிவாகச் சொல்லும். 2017இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஒரு போட்டி இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் துவாமஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் போக்கர் ஆடியது. மொத்தம் 20 நாள், 1,20,000 ஆட்டங்கள். எதற்கு இத்தனை? நூறு ஆட்டங்களில் வென்றால் அது அதிர்ஷ்டமா திறமையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அது போதாதென்று இன்னொன்றும் செய்தார்கள். ஆட்டக்காரர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவருக்குக் கிடைத்த சீட்டுகள் அவர் இணையின் ஆட்டத்தில் கணினிக்குக் கிடைக்கும்படி மாற்றிக் கொடுத்தார்கள். நல்ல சீட்டு ஒரு பக்கமே சேர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி உங்களைப் படுத்துகிறோமே, அதேதான் இது. லிப்ரேட்டஸ் 17 லட்சத்துக்கும் அதிகமான டாலர் மதிப்பு குறித்த சில்லுகள் முன்னிலையில் வென்றது. பகலில் எதிராளிகள் வைத்த பந்தயங்களில் எவற்றுக்குத் தன்னிடம் துல்லியமான பதில் இல்லையோ, அவற்றை இரவில் கணக்கிட்டுத் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டது. நேற்று தோற்றோமே என்ற எரிச்சலோடு மறுநாள் மேசைக்கு வரவில்லை. அந்த ஒரு வசதி நமக்கு இல்லை.

இனி நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். இதை எழுதத் தூண்டியதே அங்கே நான் காணும் ஒரு வழக்கம்தான். மெண்டலின் பட்டாணி ஆய்வைப் படித்திருப்பீர்கள். இரண்டாம் தலைமுறையில் நெட்டை மூன்று, குட்டை ஒன்று. உறையில் வண்ண மணிகளைப் போட்டு இதைச் செய்து பார்க்கச் சொன்னால், நான்கு முறை எடுத்ததுமே 3:1 வராவிட்டால் மாணவர்கள் பதறுகிறார்கள். "சார், தப்பா வந்திருச்சு, மாத்தி எழுதிரவா?" என்கிறார்கள். சிலர் கேட்காமலே மாற்றிவிடுகிறார்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு வாரிசுகளில் சரியாக மூன்று நெட்டை, ஒரு குட்டை வருவதற்கான வாய்ப்பு 64இல் 27, அதாவது ஏறக்குறைய 42 விழுக்காடுதான். பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் 3:1 வரவே வராது. மெண்டலுக்கே துல்லியமாக வரவில்லை. 787 நெட்டை, 277 குட்டை என்று அவர் எண்ணியிருக்கிறார், 2.84:1. ஆயிரத்துக்கும் மேல் எண்ணியதால்தான் மூன்றுக்கு அருகில் வந்தது. நான்கே மணிகளை வைத்துக்கொண்டு 3:1 வந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, இரண்டு ஏஸ்களை வைத்துக்கொண்டு தோற்கவே கூடாது என்று அடம்பிடிப்பதற்குச் சமம்.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 'எதிர்பார்த்த விடை' வந்த அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் என்ற பழக்கத்தை நாங்கள், ஆசிரியர்கள், மாற்றியாக வேண்டும். அறிக்கையில் செய்முறைக்கு முன் இன்னொரு கட்டம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. என்ன வரும் என்று நினைக்கிறேன், எத்தனை விழுக்காடு நம்புகிறேன், ஏன். இதைப் பேனாவால் எழுதித் தேதி போட்ட பிறகுதான் மணிகளைத் தொட வேண்டும். விளைவு வந்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்ல முடியாது, யோசனை நன்றாக இருந்ததா என்பதும் தாளிலேயே இருக்கும். பாடத் தேர்வு, புறப்பாட நடவடிக்கை, படிவம் 5 முடித்த பிறகு மேற்படிப்பு என்று உங்கள் சொந்த விஷயங்களுக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து அண்ணனும் அக்காவும் தங்கள் பக்கங்களைப் புரட்டினால், யார் யோசித்துச் சேர்ந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

சென்ற தவணையில் ஒரு குழுவின் அறிக்கை வந்தது. நான்கு மணிகளில் இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. கீழே, 'நான்கு போதாது, 40 முறை செய்தோம், 28க்கு 12 வந்தது, நேரம் இருந்தால் 400 முறை செய்திருப்போம்' என்று எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் போட்டேன். 400 முறை செய்ய அடுத்த வாரம் அவர்களுக்கு ஆய்வுக்கூடத்தையும் திறந்துவிட்டேன்.