கடல் கடந்து கற்பிக்கச் செல்வோர் அஞ்ச வேண்டுமா?



காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ளார். அவருடைய மூத்த மகள் கணிதத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். வளைகுடா நாடொன்றிலுள்ள இந்தியப் பள்ளி அவளைப் பணிக்கு அழைத்திருக்கிறது. தறிக்கூலியில் நடக்கும் குடும்பம். இளையவர் இருவர் இன்னும் படிக்கின்றனர். மகள் போக விரும்புகிறாள். தாயோ செய்தித்தாளில் போர் என்ற சொல்லைக் கண்டாலே கலங்கிப்போகிறாள். "அனுப்பினால் பேராசையா? தடுத்தால் விசுவாசக் குறைவா?" என்று கேட்கிறார் தந்தை.

பேராசையும் அன்று, விசுவாசக் குறைவும் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உழைத்துக் குடும்பத்தைத் தாங்க எண்ணும் மகளிடமும் குற்றமில்லை. அவளுக்காக அஞ்சும் தாயிடமும் குற்றமில்லை. ஆயினும் அச்சம் என்பது ஒரு மணியோசையைப் போன்றது. அது ஒலித்தால் எழுந்து பார்க்க வேண்டும். காதைப் பொத்திக்கொள்ளவும் கூடாது, ஓசை கேட்டமாத்திரத்தில் ஓடவும் கூடாது. எழுந்து பார்ப்பது எப்படி என்பதையே இம்மாதம் சிந்திப்போம்.

இக்கேள்வி காஞ்சி மாநகருக்குப் புதியதன்று. அந்நகரில் பிறந்த தர்மபாலர் என்னும் பௌத்த அறிஞர் வடக்கே சென்று நாளந்தாவின் தலைமை ஆசிரியராய் விளங்கினார். அவருடைய மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் பயின்றவர் சீன நாட்டுத் துறவி யுவான் சுவாங். இந்த யுவான் சுவாங் ஏறத்தாழ கி.பி. 640-இல் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் பதினாயிரம் துறவியரும் அங்கே இருந்ததாக எழுதிவைத்தார். அவருடைய நோக்கம் காஞ்சியோடு நின்றுவிடவில்லை. கடல் கடந்து இலங்கைக்குச் சென்று கற்க வேண்டுமென்று விரும்பினார். அவ்வேளையில் இலங்கையிலிருந்து துறவியர் பலர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். மன்னர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் நிலவுகின்றன என்றனர். யுவான் சுவாங் அவர்களோடு அமர்ந்து மறைநூற்பொருள் குறித்தும் உரையாடினார். சீலபத்திரரிடம் தாம் கற்றதற்கு மேலாக அவர்கள் எதுவும் கூறவில்லை என்று கண்டார். பயணத்தைக் கைவிட்டு வேறு வழியே திரும்பினார்.

பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்து வந்த மனிதரைக் கோழை என்று யார் சொல்வார்? அவர் செய்தவை இரண்டே. ஊர் வதந்தியை நம்பாமல், அண்மையில் அங்கிருந்து வந்தவர்களையே கேட்டார். பெறப்போகும் நன்மையையும் படவேண்டிய ஆபத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார். இதைத்தான் நம் திருச்சபை விவேகம் என்று அழைக்கிறது. விவேகம், நீதி, துணிவு, அளவுடைமை என்னும் நான்கு தலையாய புண்ணியங்களில் விவேகம் முதலாவதாக எண்ணப்படுவது காரணமின்றி அன்று. விவேகமில்லாத துணிவு வெறும் முரட்டுத்தனம்.

இனி, பதற்றம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பலவகை உண்டு. அரசுகளுக்கிடையே எழும் மனக்கசப்பு ஒருவகை. 2023-இல் மாலத்தீவில் ஆட்சி மாறியபோது இந்தியாவோடு உரசல் ஏற்பட்டது. அங்கிருந்த இந்தியப் படையினர் 2024 மே 10-க்குள் திரும்ப அழைக்கப்பட்டனர். ஆயினும் அத்தீவுகளின் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்களின் பணி தொடர்ந்தது. தலைவர்கள் முகம் திருப்பிக்கொண்டாலும் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமன்றோ?

ஆனால் எல்லாக் காலத்திலும் அப்படியே நடந்துவிடுவதில்லை. முதல் உலகப் போர் மூண்டபோது நம் நாட்டில் பணியாற்றிய ஜெர்மானிய மறைப்பணியாளர்கள் பகைநாட்டார் என்று காவலில் வைக்கப்பட்டனர் அல்லது திருப்பி அனுப்பப்பட்டனர். பம்பாயில் புனித சவேரியார் கல்லூரியை நடத்தி வந்த ஜெர்மானிய இயேசு சபையினரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. பிறந்த நாடே குற்றமாயிற்று. அயல்நாட்டில் ஆசிரியர் எவ்வளவு அன்பு பெற்றாலும் விருந்தினரே என்பதை இது காட்டுகிறது. விருந்தினர் வீட்டாரின் சண்டையில் வாய்திறவாதிருப்பது நலம். இன்று வளைகுடா நாடுகள் பலவற்றில் கைப்பேசியில் எழுதும் ஒரு வரி அரசியலுக்கும் சட்டப்படி தண்டனை உண்டு.

உண்மையான போரே வந்துவிட்டால்? 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தினுள் புகுந்தது. ஆசிரியர், செவிலியர், எழுத்தர், தொழிலாளர் என அங்கிருந்த இந்தியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் பேருந்துகளில் பாலைவனம் கடந்து பாக்தாத் வழியாக ஜோர்தான் நாட்டு அம்மானை அடைந்தனர். அங்கிருந்து ஏர் இந்தியா நிறுவனம் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 488 விமானப் பயணங்கள் நடத்தி, 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தது. உயிர் தப்பியவர்கள் பலர். ஆனால் வங்கியிலிருந்த சேமிப்பு கைக்கு எட்டவில்லை, வீட்டுப் பொருள்கள் போயின, வேலையும் போயிற்று. பின்னர் ஐக்கிய நாடுகள் அவை 1991-இல் இழப்பீட்டு ஆணையம் ஒன்றை அமைத்தது. குவைத்தையும் ஈராக்கையும் விட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்குத் தனிநபர் ஒருவருக்கு 2,500 முதல் 4,000 டாலர் வரை வழங்கிற்று. தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்களுக்கு அவ்வழி எளிதாயிற்று.

2015-இல் ஏமனில் போர் முற்றியபோது நம் கடற்படையும் விமானப்படையும் ஏர் இந்தியாவும் சேர்ந்து 4,640 இந்தியரையும், 41 நாடுகளைச் சேர்ந்த 960 பிறரையும் மீட்டன. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. போர் முற்றுவதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறுமாறு இந்திய அரசு எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் பலர் தங்கினர். ஏன்? சிலருக்குச் சம்பள பாக்கி. சிலருடைய கடவுச்சீட்டு வேலை கொடுத்தவரின் பெட்டிக்குள். சிலர் ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனைத் தீர்க்காமல் எப்படித் திரும்புவது என்று தயங்கினர். குண்டுக்கு அஞ்சாமல் தங்கினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கடன்காரருக்கு அஞ்சித் தங்கினார்கள்.

எல்லோரும் மீண்டு வந்துவிடுவர் என்ற பொய்யான ஆறுதலையும் நாம் கூறலாகாது. 2014-இல் ஈராக்கின் திக்ரித்தில் சிக்கிய இந்தியச் செவிலியர் 46 பேர் சூலை 5-ஆம் நாள் கொச்சிக்குத் திரும்பினர். அதே ஆண்டு, அதே ஈராக்கின் மோசூலில் பிடிபட்ட நம் தொழிலாளர் 39 பேர் கொல்லப்பட்டனர். அச்செய்தி 2018-இல்தான் உறுதியாயிற்று. ஒரே நாட்டில், ஒரே கோடையில், இரு வேறு முடிவுகள்.

நம் தமிழகத்தைச் சேர்ந்த இயேசு சபைத் தந்தை அலெக்சிஸ் பிரேம் குமாரை வாசகர் நினைவில் வைத்திருப்பீர்கள். தமிழகத்து முகாம்களில் இலங்கை அகதிகளிடையே பணியாற்றிய அவர், இயேசு சபை அகதிகள் பணியின் பொறுப்பாளராக ஆப்கானிஸ்தான் சென்றார். 2014 சூன் 2-ஆம் நாள், நாடு திரும்பிய அகதிகளின் பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றை ஹெராத் நகருக்கு அருகில் பார்வையிடச் சென்றபோது ஆயுதமேந்தியோர் அவரைக் கடத்தினர். எட்டு மாதங்களுக்கும் மேலாகச் சிறையிருந்து, 2015 பிப்ரவரி 22-ஆம் நாள் விடுதலை பெற்றார். அத்தனை நாளும் தமிழகத்துப் பங்குகளில் அவருக்காக மன்றாட்டுகள் எழுந்தன.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, "குருவானவரே போனார், நம் மகளும் துணியட்டும்" என்று யாரேனும் சொன்னால் அது தவறான வாதம். தந்தையவர்கள் சென்றது அழைத்தலினால், போக்கிடமற்ற பிள்ளைகளுக்காக, குடும்பச் சுமை ஏதுமின்றி, தம் சபையின் அறிவோடும் துணையோடும். வளைகுடாப் பள்ளியில் ஒப்பந்தத்தின்பேரில் கற்பிக்கும் ஆசிரியையின் நிலை வேறு. ஆபத்து வந்தால் அவளுடைய மாணவர்களும் தம் பெற்றோருடன் வெளியேறுவர். அவள் வெளியேறுவது மந்தையைக் கைவிடுதல் ஆகாது. குழந்தை இயேசுவைக் காக்கத் திருக்குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்டது. புனித பவுல் தமஸ்கு நகரின் மதில் வழியே கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார். வேண்டிய வேளையில் விலகுவது விசுவாசத்துக்கு இழுக்கன்று.

ஆகவே, "அங்கே போர் வருமா?" என்று கேட்பதைவிட, "வந்தால் என் மகளால் உடனே புறப்பட இயலுமா?" என்று கேட்பதே மேல். முதற்கேள்விக்கு அரசர்களாலும் விடைகூற முடியாது. இரண்டாவதற்கு விடைகூறுவது நம் கையில் இருக்கிறது. அதற்குச் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, வழி நேரானதாக இருக்கட்டும். ஆளெடுக்கும் முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் பாருங்கள். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். சுற்றுலா விசாவில் சென்று வேலைசெய்யச் சொன்னால், சம்பளம் எவ்வளவாயினும் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கடன் வாங்கி அனுப்பாதீர்கள். வீட்டுப் பத்திரத்தையும் தறியையும் அடகு வைத்துச் செல்லும் மகள், ஆபத்து வேளையில் திரும்பிவரும் சுதந்திரத்தையும் சேர்த்தே அடகு வைத்துச் செல்கிறாள்.

மூன்றாவது, கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருக்கட்டும். பட்டச் சான்றிதழ்களின் மூலப்படிகளைச் சரிபார்த்ததும் பள்ளியிடமிருந்து திரும்பப் பெறட்டும். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்கள் காஞ்சியிலும் ஒரு படி இருக்கட்டும். ஆசிரியருக்குச் சான்றிதழ் போய்விட்டால் கைத்தொழிலே போய்விடும்.

நான்காவது, சென்ற வாரமே இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யட்டும். ஊர் திரும்பும் பயணச் செலவுக்குரிய தொகையைத் தனியே வைத்து, திருமணம், திருவிழா எது வந்தாலும் அதைத் தொடாதிருக்கட்டும்.

ஐந்தாவது, அவளை வேலைக்கு அமர்த்தும் பள்ளியில் இப்போது பணிசெய்யும் தமிழர் ஒருவரிடமாவது பேசுங்கள். சம்பளம் மாதந்தோறும் வருகிறதா, விடுமுறைக்குத் தடையின்றி ஊர் வர முடிகிறதா என்று கேளுங்கள். யுவான் சுவாங் காஞ்சியில் செய்ததும் இதுவே.

ஆறாவதாகச் சொல்லப்போவது பெற்றோருக்கு உரியது, எல்லாவற்றிலும் கடினமானது. "வந்துவிடுகிறேன்" என்று மகள் ஒருநாள் தொலைபேசியில் சொன்னால், "இன்னும் ஆறு மாதம் பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். தம்பியின் படிப்புக் கட்டணத்தையும் கட்டி முடிக்காத வீட்டையும் அவளுக்கு நினைவூட்டாதீர்கள். அங்கே இருப்பவள் அவள். வானத்தில் கேட்கும் ஓசை இன்னதென்று அறிபவளும் அவளே. புறப்படும் நாளைத் தீர்மானிக்கும் உரிமை அவளுடையது என்று இப்போதே, அவள் பயணப்படுமுன்பே, குடும்பம் முழுவதும் அமர்ந்திருக்கையில் வாக்குக் கொடுங்கள். வெறுங்கையோடு திரும்பினாலும் அவளுக்கு வீட்டில் இடமும் மதிப்பும் உண்டென்று அவள் அறிந்திருக்க வேண்டும். அவ்வுறுதியோடு செல்பவளுக்கு அச்சம் பாதி குறைந்துவிடும்.

இவ்வாறு ஆயத்தம் செய்தபின், நாடு இப்போது அமைதியாயிருக்க, பள்ளி நம்பத்தக்கதாயிருக்க, மகளும் மனமுவந்து விரும்பினால், அனுப்புங்கள் என்றே கூறுவோம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள். போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டுக்கும், நம் அரசு செல்லவேண்டாம் என எச்சரித்திருக்கும் நாட்டுக்கும் குடும்பத்தின் பிழைப்புக்காக எவரையும் அனுப்பாதீர்கள். அது அவளுடைய உயிரைப் பணயம் வைப்பதாகும்.

பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். அயல்நாட்டில் உழைக்கும் நம் மக்களின் பெயர்கள், அவர்கள் இருக்கும் ஊர், குடும்பத்தாரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குடும்பத்தாரின் இசைவோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பங்கு இல்லத்தில் வைத்திருப்பது பெரிய வேலையன்று. அரேபிய மண்ணில் பணியாற்றும் திருச்சபையின் ஆலயங்களில், அரசு அனுமதிக்கும் இடங்களில், தமிழில் திருப்பலி நடைபெறும் ஊர்களும் உண்டு. செல்பவரிடம் அவ்வாலயத்தின் முகவரியைக் கொடுத்தனுப்பலாம். ஞாயிறு மன்றாட்டில் பயணத்திலிருப்போரைச் சேர்க்கலாம். நெருக்கடி வந்தபின் யார் எங்கே என்று தேடும் பங்கைவிட, அமைதியான நாளிலேயே தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி மன்றாடும் பங்கு எவ்வளவோ மேலானது.