தலையிலே ஒரு பெட்டி!

விமானத்திலிருந்து குதிக்கிறவன் தலையில் எதற்குப் பெட்டி? அதுவும் கடையில் வாங்காமல், வீட்டுக் கொல்லையில் ரெசின் தடவிச் செய்த பெட்டி? "பணக்காரன் விளையாட்டு, நமக்கெதுக்குப்பா" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் நண்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள். எனக்கும் வானத்திலிருந்து குதிக்கிற ஆசையெல்லாம் கிடையாது. மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் ஆசாமி நான். ஆனால் அந்தப் பெட்டி இருக்கிறதே, அது மெக்கானிக்கல் படிக்கிற எவனையும் நிறுத்தி யோசிக்க வைக்கும்.

ஸ்கைடைவிங் என்கிற இந்த விளையாட்டில் பாராசூட் விரிவதற்கு முன் ஏறக்குறைய ஒரு நிமிடம் சும்மா விழுகிறார்கள். வயிறு கீழே பார்க்க விழுந்தால் வேகம் மணிக்கு 190 கி.மீ. பக்கம். அந்த ஒரு நிமிடத்தைப் படம் பிடிக்கக் கை உதவாது. பறப்பதற்கே இரண்டு கையும் வேண்டும். ஆகவே கேமரா தலைக்கு ஏறியது. கார்ல் போனிஷ் என்ற அமெரிக்கர் எலக்ட்ரிகல் இன்ஜினீயர். ஹெல்மெட்டில் சினிமா கேமராவைப் பொருத்திக்கொண்டு, கூடவே குதித்துப் படமெடுத்தவர். 1969-ல் வந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் ஆகாயக் காட்சிகளில் அவர் உழைப்பு இருக்கிறது. ஃபிலிம் போய் வீடியோ வந்ததும் இந்த ஆசை சாதாரண ஆட்களையும் தொற்றிக்கொண்டது. கலிபோர்னியாவின் பெரிஸ், ஃபுளோரிடாவின் டிலாண்ட் மாதிரி குதிக்கிற தளங்களில், வாரக் கடைசியில் தலையில் ஹேண்டிகேமோடு திரியும் ஆட்கள் பெருகினார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கேமராக்கள் கல்யாண வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் செய்யப்பட்டவை. உள்ளே டேப் ஓடும். பாராசூட் விரியும்போது வருகிற உலுக்கலில் டேப் மூடி திறந்தாலும், பேட்டரி கழன்றாலும் படம் போச்சு! அந்தந்த மாடலுக்கென்று செய்த பெட்டி கடையில் கிடைப்பது அபூர்வம். ஆகவே தாங்களே செய்துகொண்டார்கள்.

எப்படி என்கிறீர்களா? நம் கடற்கரையில் ஃபைபர் போட் செய்கிறவர்கள் கையாளும் அதே சரக்குதான். மேட், ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட். முதலில் கேமராவைவிடச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பெரிதாக ஒரு அச்சு. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்ட அந்த இடம் வேண்டும். தெர்மோகோலில் செதுக்கலாமே என்று தோன்றும். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைத் தின்று கரைத்துவிடும். அதனால் மரக்கட்டையோ, எபாக்ஸி ரெசினோ. ஹெல்மெட்டின் வளைவுக்கு ஏற்ப அச்சின் அடிப்பாகத்தைக் களிமண்ணால் நிரப்பி, மெழுகு தடவி, அதன்மேல் 300 கிராம் மேட் மூன்று அடுக்கு வைத்தால் சுமார் 2 மி.மீ. கனத்துக்கு ஓடு வந்துவிடும். பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அவசரப்பட்டு அதிகம் ஊற்றினால் டப்பாவிலேயே சூடேறிப் புகையும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தாலோ வெடிக்கவே செய்யும்! தனித்தனியாகத்தான் ரெசினில் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். காய்ந்த பிறகு ஆக்சா பிளேடு, அரம், உப்புத்தாள். அன்றைக்கு ராத்திரி உடம்பெல்லாம் அரிக்கிற அரிப்பு இருக்கிறதே, அதை ஃபைபர் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முகமூடி இல்லாமல் அந்தத் தூசியில் நிற்கவே கூடாது.

பிறகு லென்ஸுக்கு ஒரு ஓட்டை, பட்டனுக்கு ஒரு ஓட்டை, பதிவாகிறதா என்று கண்ணோரத்தில் காட்ட ஒரு சின்ன விளக்கு. குறி பார்க்க ஒற்றைக் கண்ணுக்கு முன் ஒரு வளையம். அழகான வேலை. ஒர்க்‌ஷாப் நோட்டில் எழுதி மார்க் வாங்கலாம்.

ஆனால் என் விஷயம் இதற்கு மேல்தான் ஆரம்பம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றைப் பார்க்கும் பக்கம் 10 செ.மீ.க்கு 15 செ.மீ. உள்ள பெட்டி. வேகம் வினாடிக்கு 53 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1 கிலோ, இழுவைக் கெழு 1 என்று தோராயமாக வைத்தால் சுமார் 21 நியூட்டன். அதாவது இரண்டு கிலோ எடையைக் காதோரம் கட்டி இழுக்கிற மாதிரி. பாராசூட் விரியும்போது 4 ஜி, 5 ஜி என்று உலுக்கும். கேமராவும் பெட்டியுமாக ஒரு கிலோ என்றால் அது நாலைந்து கிலோவாகிக் கழுத்தில் விழும். 'பெட்டி பிய்ந்து போகாமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டும்?' இந்தக் கேள்விக்கு நமக்குப் பதில் தெரியும். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி போடு, இன்னும் ஒரு அடுக்கு மேட் வை, இரண்டு போல்ட் சேர். சார்கள் தலையாட்டுவார்கள்.

அங்கேதான் ஆபத்து. பாராசூட் விரியும்போது அதன் கயிறு பெட்டியின் மூலையில் மாட்டிக்கொண்டால்? நாம் பலமாகச் செய்த அந்தப் பெட்டி விடாது. கயிறும் விடாது. நடுவில் இருப்பது மனுஷன் கழுத்து! பாராசூட்டும் சரியாக விரியாது. இரண்டாவது பாராசூட்டை எடுத்தால் அதுவும் போய் இதில் சிக்கலாம். ஆகவே விவரமான பெட்டிக்காரர்கள் மூலையே இல்லாமல் உருட்டினார்கள், இடுக்குகளை மூடினார்கள், தாடைப் பட்டையில் ஒரு கைப்பிடி வைத்தார்கள். இழுத்தால் ஹெல்மெட், கேமரா எல்லாம் மொத்தமாகக் கழன்று போய்விடும். மாதக்கணக்கில் உழைத்துச் செய்ததை ஒரே இழுப்பில் வானத்தில் உதறிவிடுவதற்கு வழி செய்து வைப்பது லேசான மனசு இல்லை.

லேசாகத் தொட்டாலே கழன்று விழட்டும் என்றும் விட முடியாது. ஒரு கிலோ சரக்கு மேலேயிருந்து கீழே நிற்பவன் தலையில் விழுந்தால் என்னாவது? கீழே ஒரு எல்லை, மேலே ஒரு எல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் அது நிற்க வேண்டும். நம் டிசைன் பாடத்தில் கீழ் எல்லையை மட்டும்தான் மாங்கு மாங்கென்று போடுகிறோம். ஷியர் பின்னையும் ஃப்யூஸையும் ஆளுக்கொரு வரியில் தாண்டிவிடுகிறோம்.

"வீட்டில் செய்தது ஆபத்து, கம்பெனி சரக்குதான் பத்திரம்" என்று சிலர் வாதாடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2009 கடைசியில் கோப்ரோ கம்பெனியின் எச்.டி. கேமரா வந்த பிறகு பெட்டி செய்யும் வேலை பெருமளவு குறைந்துபோனது. கையடக்கக் கேமரா, ஒட்டுகிற ஸ்டாண்டு, முடிந்தது வேலை. சின்னதுதானே, என்ன செய்துவிடும் என்கிற தைரியமும் கூடவே வந்துவிட்டது. கயிறு மாட்ட பெரிய மூலை தேவையில்லை. அந்த ஸ்டாண்டின் சின்னக் கழுத்து போதும். கேமரா தொலைந்துவிடக் கூடாதென்று அதையும் ஒரு கயிற்றால் கட்டி வைப்பவர்கள் உண்டு. கழன்றுபோக வேண்டியதைக் கழலவிடாமல் கட்டுவது! பெட்டியைத் தானே செய்தவன், எங்கே மாட்டும் என்று ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவிப் பார்த்திருப்பான். பாக்கெட்டைப் பிரித்து ஒட்டியவனுக்கு அந்த யோசனை வர வழியில்லை.

கேமராவின் ஆபத்து கயிற்றோடு முடிவதில்லை. 1988-ல் வட கரோலினாவில், 800 தடவைக்கு மேல் குதித்த ஒருவர், மாணவர் ஒருவரைப் படம்பிடிக்கும் கவனத்தில் பாராசூட்டே மாட்டாமல் குதித்து இறந்தார். தலையில் கேமரா, முதுகில் ரெக்கார்டர் பை. அந்தக் கனமே பாராசூட் என்று எண்ண வைத்திருக்கலாம் என்கிறார்கள். அமெரிக்கப் பாராசூட் சங்கம் கேமரா கட்டுகிறவர்களுக்கு சி லைசென்ஸைப் பரிந்துரைப்பது சும்மா இல்லை. அதற்குக் குறைந்தது 200 குதிப்பு வேண்டும்.

இங்கே நம்மூர் விஷயம் ஒன்று. இறுதியாண்டு ப்ராஜெக்டை ரெடிமேடாக விற்கும் கடைகள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிப்போர்ட், பைண்டிங், வைவாவுக்குப் பதில் உட்பட எல்லாம் கிடைக்கும். வாங்கி வந்த மாடலில் எது முதலில் உடையும் என்று கேட்டால் யாருக்காவது தெரியுமா?

வரும் ஆண்டு ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்து இப்படி ஒரு பெட்டி செய்யுங்களேன். குதிக்க வேண்டாம், பயப்படாதீர்கள். பழைய பைக் ஹெல்மெட் ஒன்று, கேமராவுக்குப் பதில் அதே எடைக்கு ஒரு செங்கல் துண்டு. மேசையில் ஹெல்மெட்டைக் கட்டி, பெட்டியில் நைலான் கயிறு போட்டு, முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று இழுத்து, எத்தனை கிலோவில் கழல்கிறது என்று குறித்து வையுங்கள். ஸ்பிரிங் தராசு மெக்கானிக்ஸ் லேபில் இடது பக்க அலமாரியில் இருக்கிறது. சாவி அட்டெண்டர் அண்ணனிடம்.